‘குழந்தை’ என்னும் வாசல்: அமெரிக்காவில் திருநர் இளையோர் சிகிச்சைத் தடையும் அதன் அரசியலும்

1. பொருளும் எல்லையும்

2023 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநில ஆளுநர் பில் லீ இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, பெண் வேடமிட்டு ஆடும் மேடைக் கலைஞர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. (கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதை விடியவிடியப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விநோதமாகப்படலாம்; அங்கே அது சட்டமன்றத்தின் அவசர வேலையாக இருந்தது.) இன்னொன்றுதான் இக்கட்டுரையின் பொருள். பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலுக்கு மாறான பாலினத்தில் ஒருவர் வாழ உதவும் நோக்கத்தோடு, 18 வயது நிறையாதவருக்கு மருந்து கொடுப்பதையும் அறுவை செய்வதையும் அது தடைசெய்தது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் அபராதம். 2025 ஜூன் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அச்சட்டம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது இதே போன்ற சட்டங்கள் 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருந்தன. 2021க்கு முன் இப்படி ஒரு சட்டம் எந்த மாநிலத்திலும் இல்லை.

நான்கே ஆண்டுகளில் இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? மருத்துவச் சான்று போதாது என்பதே தடையை ஆதரிப்போர் சொல்லும் காரணம். அந்தக் குறை உண்மைதான். அதை மறைத்துவிட்டு எழுதப்படும் எதிர்வாதம் நிற்காது. ஆனால் இச்சட்டங்கள் அந்தக் குறையிலிருந்து பிறந்தவை அல்ல என்பதே என் துணிபு. அதற்கு ஆதாரம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சட்டங்களின் விலக்குப் பிரிவுகளிலும், அவற்றின் வயது வரம்பு பின்னர் நகர்ந்த திசையிலுமே அது கிடைக்கிறது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. திருநங்கை, திருநம்பி ஆகிய இருவரையும் அடக்கி ‘திருநர்’ என்று எழுதுகிறேன். பிறந்த பாலுக்கும் தன்னை உணரும் பாலினத்துக்கும் இடையிலான முரணால் வரும் துன்பத்தைப் ‘பாலின உளைச்சல்’ என்கிறேன்.

2. மருத்துவம்

2.1 சிகிச்சையின் முறை

பேச்சில் எல்லாம் ஒன்றாகக் குழப்பப்படுவதால் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பருவமடையாத சிறு குழந்தைக்கு மருந்து எதுவும் கிடையாது, பேச்சும் கவனிப்பும்தான். பருவ மாற்றங்கள் தொடங்கிய பிறகு, உளைச்சல் நீடித்தால், அம்மாற்றங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஊசியோ, தோளுக்குக் கீழே தோலடியில் வைக்கும் சிறு குழலோ தரப்படலாம். அதற்கடுத்த படி ஈஸ்ட்ரோஜன் அல்லது டெஸ்டோஸ்டிரோன். இது பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியில். மார்பு அறுவை சிறாருக்கு அரிது. பிறப்புறுப்பு அறுவை அதனினும் அரிது.

பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்து இதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. எட்டு வயதுக்கு முன்பே பூப்படையும் பெண் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990களிலேயே அனுமதி தந்துவிட்டது. அதைத் திருநர் இளையோருக்கும் பயன்படுத்தும் முறையை நெதர்லாந்தில் உளவியலாளர் பெக்கி கோஹன்-கெட்டெனிஸும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கினார்கள். ‘டச்சு நெறிமுறை’ என்ற பெயர் அப்படி வந்தது. 2007இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை அமெரிக்காவில் இதற்கென முதல் பிரிவைத் தொடங்கியது. பதினைந்து ஆண்டு கழித்து, 2022இல், அதே மருத்துவமனைக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன.

எத்தனை பேர் இந்த மருந்துகளை எடுக்கிறார்கள்? தனியார் காப்பீடு பெற்ற 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறாரின் 2018-2022 காலப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2025 ஜனவரியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. பருவத் தடுப்பு மருந்தோ ஹார்மோனோ பெற்ற திருநர் இளையோர் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அதன் முடிவு. ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை.

2.2 சான்றின் வலு

டச்சு நெறிமுறையை உருவாக்கிய குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 70 பேர். 2014இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் 55 பேர். முடிவுகள் நல்லவை, ஆனால் எண்ணிக்கை சிறிது. சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதே குறையோடு வந்தன. எலும்பின் அடர்த்தி குறைவது பற்றிய கவலை உண்டு. கருவுறும் ஆற்றல் பற்றிய கேள்வியும் உண்டு.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை கேட்டுக்கொண்டபடி குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 2024 ஏப்ரலில் அறிக்கை தந்தார். அவருக்காக யார்க் பல்கலைக்கழகம் பருவத் தடுப்பு மருந்து பற்றிய 50 ஆய்வுகளைத் தர வரிசைப்படுத்தியது. உயர்தரம் என்று தேறியது ஒன்றே ஒன்று. மீதி 49ஐயும் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று அறிக்கையை எதிர்த்தோரிடையே பரவிய செய்தி பொய். நடுத்தரமான 25 ஆய்வுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனாலும் காஸின் மையமான முடிவை யாரும் தட்ட முடியாது: நீண்டகால நன்மை பற்றி உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை.

இந்த நிலையில் சிகிச்சையை ஆதரிக்கும் தரப்பும் தன் பங்குக்குத் தவறு செய்தது. உலகத் திருநர் மருத்துவ வல்லுநர் சங்கம் 2022இல் தன் நெறிமுறையை வெளியிட்டபோது அறுவைகளுக்கான குறைந்தபட்ச வயதை எடுத்துவிட்டது. அன்றைய சுகாதாரத் துறை உதவிச் செயலாளர் ரேச்சல் லெவினின் அலுவலகம் அதற்கு வற்புறுத்தியது 2024இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளிவந்தது. வயதைக் குறிப்பிட்டால் எதிரிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் அச்சம். மருத்துவ நெறிமுறையை அரசியல் கணக்குப் பார்த்து எழுதினால், அதை எதிர்ப்போரும் அரசியலாகவே வாசிப்பார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் பிள்ளை தற்கொலை செய்துகொள்ளும் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டு வந்த வாசகமும் அப்படித்தான். 2024 டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய சேஸ் ஸ்ட்ராஞ்சியோ (அந்த மேடையில் நின்ற முதல் வெளிப்படையான திருநர் வழக்கறிஞர் அவர்), நீதிபதி அலிட்டோ குறுக்கே கேட்டபோது, தற்கொலைச் சாவுகள் நல்லவேளையாக அரிது, அவற்றைச் சிகிச்சை குறைத்ததாகக் காட்டும் ஆய்வு இல்லை என்று ஒப்புக்கொண்டார். தற்கொலை எண்ணம் குறைவதற்கு ஆய்வுகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

ஆக, ஐயம் இருக்கிறது. ஐயம் இருக்கும் சிகிச்சையை என்ன செய்வது என்பதற்கு மருத்துவத்தில் பழக்கப்பட்ட வழிகளும் இருக்கின்றன: ஆய்வுக்குள் கொண்டுவருவது, யாருக்குக் கொடுக்கலாம் என்பதைச் சுருக்குவது, கண்காணிப்பைக் கூட்டுவது. ஸ்வீடனும் பின்லாந்தும் அப்படித்தான் செய்தன. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

3. கழிப்பறையிலிருந்து மருத்துவமனைக்கு

2015 ஜூன் 26 அன்று ஒரேபாலினத் திருமணம் அமெரிக்கா முழுவதும் சட்டமானது. பல ஆண்டுகளாக அதை எதிர்த்தே நிதி திரட்டி வந்த அமைப்புகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. அடுத்த களத்தைத் தேடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹூஸ்டன் நகரின் பாகுபாடு ஒழிப்பு விதி வாக்கெடுப்பில் தோற்றது. பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் நுழைவார்கள் என்ற ஒரே அச்சத்தை வைத்தே பிரசாரம் நடந்தது. 2016 மார்ச்சில் வட கரோலினா அந்த அச்சத்தைச் சட்டமாக்கியது. ஆனால் அங்கே கை சுட்டது: தேசியக் கூடைப்பந்துச் சங்கம் தன் 2017 நட்சத்திர ஆட்டத்தைச் சார்லட் நகரிலிருந்து எடுத்துக்கொண்டு போனது, நிறுவனங்கள் முதலீட்டை நிறுத்தின, ஆளுநர் பாட் மெக்ரோரி தேர்தலில் தோற்றார், மறு ஆண்டே சட்டத்தின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது.

பெரியவர்களைக் காட்டிப் பயமுறுத்தினால் வணிகர்கள் எதிர்க்கிறார்கள் என்பது அதில் கிடைத்த பாடம். சிறுவர்களைக் காட்டினால்? இந்த உத்தி புதிதல்ல. 1977இல் புளோரிடாவில் பாடகி அனிதா பிரையன்ட், தன்பாலீர்ப்பாளருக்கான பாதுகாப்பு விதியைக் கவிழ்க்க நடத்திய இயக்கத்தின் பெயரே ‘நம் குழந்தைகளைக் காப்பாற்று’ என்பதுதான். 2021இல் ஆர்கன்சா இயற்றிய சிகிச்சைத் தடைச் சட்டத்தின் பெயர் ‘வளரிளம் பருவத்தினரைப் பரிசோதனையிலிருந்து காப்பாற்று’. இடையில் 44 ஆண்டுகள்.

விளையாட்டு நடுப்படியாக அமைந்தது. 2020 மார்ச்சில் ஐடஹோ மாநிலம் திருநங்கையரைப் பெண்கள் போட்டிகளிலிருந்து விலக்கிய முதல் சட்டத்தை இயற்றியது. வேறு மாநிலங்கள் தொடர்ந்தன. யூட்டாவில் மட்டும் ஒரு சிறு தடங்கல். குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் 2022 மார்ச்சில் மசோதாவை மறுத்துச் சட்டமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் காட்டிய கணக்கு: மாநிலத்தில் பள்ளி விளையாட்டில் ஈடுபடுவோர் 75,000 பேர், அதில் திருநர் 4 பேர், அந்த நால்வரில் பெண்கள் போட்டியில் ஆடுபவர் ஒருவர். ஒரே ஒரு மாணவிக்காக ஒரு மாநிலச் சட்டம். மூன்றே நாளில் சட்டமன்றம் அவருடைய மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அத்தோடு முடியவில்லை. பத்து மாதம் கழித்து, 2023 ஜனவரியில், சிறாருக்கான ஹார்மோன் சிகிச்சையைத் தடுக்கும் மசோதா அதே காக்ஸின் மேசைக்கு வந்தது, அவர் கையெழுத்திட்டார். ஒரு முறை எதிர்த்து நின்றவரைக் கட்சி எப்படி வழிக்குக் கொண்டுவருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

2024 தேர்தலில் இதன் விளைச்சல் தெரிந்தது. திருநர் எதிர்ப்புத் தொலைக்காட்சி விளம்பரங்களுக்குக் குடியரசுக் கட்சித் தரப்பு 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது.

4. ஆர்கன்சாவின் ஒரு நாள்

ஆளுநர் ஏசா ஹட்சின்சனும் தாராளவாதி அல்ல. திருநர் விளையாட்டுத் தடையில் 2021 மார்ச் மாதக் கடைசியில்தான் கையெழுத்திட்டிருந்தார். ஏப்ரல் 5 அன்று சிகிச்சைத் தடையை மறுத்தார். மருத்துவருக்கும் பெற்றோருக்கும் நடுவே அரசு அளவுமீறி நுழைகிறது என்பது அவர் சொன்ன காரணம். இன்னொன்றும் சொன்னார்: ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக்கூட இதில் விலக்கு இல்லை. அதாவது சட்டம் அமலுக்கு வரும் நாளில் அவர்களுடைய ஊசி நின்றுவிடும். மறுநாள், ஏப்ரல் 6 அன்று, சட்டமன்றத்தின் இரு அவைகளும் அவரைத் தோற்கடித்தன.

2023 ஜூனில் மாவட்ட நீதிபதி ஜே மூடி, முழு விசாரணை நடத்திச் சாட்சிகளைக் கேட்டபின், சட்டம் செல்லாது என்றார். நாட்டிலேயே இத்தகைய முதல் தீர்ப்பு. உச்ச நீதிமன்றத்தின் டென்னசி தீர்ப்புக்குப் பிறகு, 2025 ஆகஸ்டில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது.

5. விலக்குப் பிரிவுகள்

ஒரு சட்டத்தின் நோக்கத்தை முகவுரையில் தேடுவதைவிட அது எதை விட்டுவைக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

டென்னசியில் ஒரே மருந்தகத்தில் இரண்டு சிறுவர்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 15. ஒருவன் பிறந்தபோதும் ஆண் என்றே குறிக்கப்பட்டவன். பருவமடைவது தாமதமாகிறது, வகுப்பில் எல்லோருக்கும் மீசை அரும்பிவிட்டது. அவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கலாம். மற்றவன் பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட திருநம்பி. அவனுக்கும் அதே மருந்து, அதே மீசைக்காக. அவனுக்குக் கொடுத்தால் 25,000 டாலர். மருந்தின் ஆபத்துதான் காரணம் என்றால் அந்த ஆபத்து ஆளைப் பார்த்து வருமா? இரண்டு சூழலும் மருத்துவத்தில் வேறு, ஒன்றுக்குச் சான்று அதிகம் என்று விடை சொல்லலாம். அந்த விடையில் சாரம் உண்டு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் ஏறத்தாழ அதைத்தான் எழுதினார்: சட்டம் வயதையும் மருத்துவப் பயனையும் வைத்துப் பிரிக்கிறது, பாலை வைத்து அல்ல, எனவே அரசு ஓரளவு நியாயமான காரணம் காட்டினாலே போதும். ஆனால் டென்னசி சட்டம் தன் நோக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுவது சிறார் தங்கள் பிறந்த பாலை மதிக்கும்படி ஊக்குவிப்பதை. இது எலும்பின் அடர்த்தி பற்றிய கவலை அல்ல. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமயோர் இந்த இடத்தில்தான் பெரும்பான்மையைப் பிடித்தார்.

இதையும் மிஞ்சும் விலக்கு ஒன்று உண்டு. ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் தெளிவாக அடங்காத உடற்கூற்றோடு பிறக்கும் இடையிலிங்கக் குழந்தைகளுக்குச் செய்யும் அறுவையை இச்சட்டங்கள் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. கைக்குழந்தையின் பிறப்புறுப்பை ‘சரிப்படுத்தும்’ அறுவை அது. பல வேளைகளில் உயிருக்கு ஆபத்தும் இல்லை, அவசரமும் இல்லை. வளர்ந்தபின் உணர்விழப்போடும் தழும்போடும் வாழும் பலர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். சிகாகோவின் லூரி குழந்தைகள் மருத்துவமனை இத்தகைய அறுவைகளுக்காக 2020இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

ஆகவே நிலைமை இது: தானே கேட்டு, பெற்றோர் ஒப்பி, மருத்துவர் பரிந்துரைத்த 15 வயதுப் பிள்ளைக்குத் நிறுத்திவிடக்கூடிய மருந்து சட்டவிரோதம், எதையும் கேட்கத் தெரியாத பத்து மாதக் குழந்தைக்குத் திரும்பப் பெற முடியாத கத்தி சட்டபூர்வம். சிறாரின் உடலை மீளமுடியாத தலையீட்டிலிருந்து காப்பதே நோக்கம் என்று சொல்கிற சட்டம் இப்படி எழுதப்பட்டிருக்காது. உடலை ஆண், பெண் என்ற இரு அச்சுக்குள் அடக்கும் சிகிச்சை நல்லது, அச்சைத் தாண்ட உதவும் சிகிச்சை கெட்டது என்பதே உள்ளுறை விதி.

உண்மையிலேயே சிறாரின் உடலைக் காக்க நினைத்தால் சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு முன்மாதிரியைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு தம்பதியின் திருமணப் பதிவு வழக்கில், 2019 ஏப்ரல் 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மணமகள் திருநங்கை என்பதால் பதிவு மறுக்கப்பட்டது தவறு என்று சொன்ன அதே தீர்ப்பில், இடையிலிங்கக் குழந்தைகளுக்குப் பாலை நிர்ணயிக்கும் அறுவையைத் தடைசெய்ய மாநில அரசுக்கு ஆணையிட்டார். அதே ஆண்டு தமிழ்நாடு அரசாணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு. அமெரிக்கச் சட்டங்களைத் தலைகீழாகப் பிடித்தால் இந்த அரசாணை கிடைக்கும்.

6. பெற்றோர் உரிமை யாருடையது

அமெரிக்கப் பழைமைவாத அரசியலில் பெற்றோர் உரிமை என்பது ஏறக்குறைய மந்திரச் சொல். பள்ளிப் பாடம், தடுப்பூசி, முகக்கவசம் எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை தாய் தந்தைக்கே என்பார்கள். திருநர் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

டெக்சாஸில் 2022 பிப்ரவரியில் ஆளுநர் கிரெக் அபாட் ஒரு படி மேலே போனார்: இச்சிகிச்சையைப் பிள்ளைக்குத் தரும் பெற்றோரைக் குழந்தை வன்கொடுமைக்காக விசாரிக்கும்படி மாநிலக் குழந்தைகள் நலத் துறைக்கு உத்தரவிட்டார். முதலில் விசாரணைக்கு ஆளானவர்களில் ஒருவர் அந்தத் துறையிலேயே வேலை பார்த்த ஒரு தாய். இந்த உத்தரவு என் குடும்பத்தைப் பாதிக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்டார். கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். வீட்டுக்கு விசாரணை அதிகாரி வந்தார். குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காப்பதே அதுவரை அவர் பார்த்த வேலை.

டென்னசி வழக்கிலும் பெற்றோர் தங்கள் உரிமையை முன்வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியை விசாரணைக்கே எடுக்கவில்லை. சமத்துவக் கேள்வியை மட்டும் எடுத்தது. தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள், ஜூன் 27 அன்று, மேரிலாந்தின் ஒரு பள்ளி வட்டத்தைப் பற்றிய வழக்கில், தன்பாலீர்ப்பாளரும் திருநரும் வரும் கதைப் புத்தகங்கள் வகுப்பில் வாசிக்கப்படும்போது தம் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் அதே 6-3 கணக்கில் சொன்னது. கதை கேட்காமல் தடுக்கப் பெற்றோருக்கு உரிமை. மருத்துவரிடம் அழைத்துப்போக இல்லை. சட்டக் கூறுகள் வேறு என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். விளக்கட்டும்.

7. ஐரோப்பாவைக் காட்டும் வாதம்

ஐரோப்பாவே நிறுத்திவிட்டது என்பது அமெரிக்கச் சட்டமன்றங்களில் ஓயாமல் ஒலித்த வாசகம். பாதி உண்மை. பின்லாந்து 2020இலும் ஸ்வீடன் 2022இலும் தங்கள் பரிந்துரைகளைச் சுருக்கின. சுருக்கியவை சுகாதார அமைப்புகள். மருத்துவரைத் தண்டிக்கும் சட்டம் எதுவும் அங்கே வரவில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்குச் சிகிச்சை தொடர்கிறது. 2025இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவச் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, கவனத்தோடு சிகிச்சையைத் தரலாம் என்கிறது.

பிரிட்டன் மட்டும் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறது. காஸ் அறிக்கை பருவத் தடுப்பு மருந்தை ஆய்வுக்குள் கொண்டுவரச் சொன்னது. ஹார்மோனை 16 வயதிலிருந்து மிகுந்த எச்சரிக்கையோடு தரலாம் என்றது. அரசு 2024 மே மாதத்தில் பருவத் தடுப்பு மருந்துக்கு அவசரத் தடை போட்டு, ஆட்சி மாறியும் அதை நீட்டித்து, டிசம்பரில் காலவரையற்றதாக்கியது. அங்கும் முன்கூட்டிப் பூப்படையும் குழந்தைகளுக்குத் தடை இல்லை. ஆயினும் அலபாமாவோடு அதை ஒப்பிட முடியாது. அலபாமா 2022இல் இச்சிகிச்சை தரும் மருத்துவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது.

8. வயது வரம்பின் நகர்வு

உண்மையில் கவலை சிறாரைப் பற்றித்தான் என்றால் 18இல் அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மிசௌரியின் தலைமை வழக்கறிஞர் 2023 ஏப்ரலில் பிறப்பித்த அவசர விதி வயதுவந்தோரையும் கட்டுப்படுத்தியது. நீதிமன்றம் நிறுத்தியபின் திரும்பப் பெற்றார். அதே ஆண்டு புளோரிடா, வயதுவந்த திருநருக்கும் மருத்துவரே நேரில் பார்த்துத்தான் மருந்தெழுத வேண்டும் என்றது. அங்கே பெரும்பாலானோர் செவிலியர் வழியாகவும் தொலைமருத்துவம் வழியாகவும் மருந்து பெற்றவர்கள். போர்ட்டோ ரிக்கோ 2025 ஜூலையில் போட்ட தடையின் வரம்பு 21 வயது; தண்டனை 15 ஆண்டு வரை. சிறாரில் தொடங்குவது அதற்குப் பொதுக்கருத்தின் ஆதரவு இருப்பதால்தான், இச்சிகிச்சையை எல்லோருக்குமே ஒழிப்பதே இறுதி நோக்கம் என்று அமெரிக்கன் பிரின்சிபிள்ஸ் புராஜெக்ட் என்னும் பழைமைவாத அமைப்பின் தலைவர் டெரி ஷில்லிங் நியூயார்க் டைம்ஸிடம் மறைக்காமலே சொல்லியிருந்தார். அவரை யாரும் சரியாகக் கேட்கவில்லை.

அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 28 அன்று பிறப்பித்த ஆணை, இச்சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் ஒன்றிய அரசு நிதியைக் குறிவைத்தது. அந்த ஆணைப்படி 19 வயதுக்குக் கீழே உள்ள எவரும் குழந்தை. அந்நாட்டில் 18 வயதில் வாக்களிக்கலாம், திருமணம் செய்யலாம், ராணுவத்தில் சேரலாம். திருநர் என்றால் ராணுவம் கிடையாது. அதற்கான ஆணை முந்தின நாளே வந்துவிட்டது. ஜூலையில் நீதித் துறை 20க்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கும் சிகிச்சை மையங்களுக்கும் ஆவணங்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பியது.

லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையின் திருநர் இளையோர் மையம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இயங்கியது. அமெரிக்காவிலேயே பெரியவற்றுள் ஒன்று. தடை உள்ள மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களைக் காக்கக் கலிஃபோர்னியா 2022இல் தனிச் சட்டமே போட்டிருந்தது. ஒன்றிய அரசின் நிதி போய்விடும் என்று காரணம் சொல்லி, 2025 ஜூலை 22 அன்று அம்மையம் மூடப்பட்டது. அன்றும் கலிஃபோர்னியாவில் இச்சிகிச்சையைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை.